சுவருக்கு அந்தப் பக்கத்துத் தண்ணீர்

தன்னோடு வந்து இருக்கச் சொல்லி மகள் தொலைபேசியில் மூக்கைச் சிந்தியபோது நான் சொன்ன பதில் இது: "இந்தக் கோடையில நம்ம காகிதப்பூச் செடி பூத்துச்சுன்னா நான் இங்கயேதான் இருப்பேன். பூக்கலன்னா மூட்டையக் கட்டிக்கிட்டு உன்கிட்ட வந்துடறேன்."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் புதிதில்லை. அந்த நேரத்துக்கு அவள் அழுகையை நிறுத்தினால் போதும் என்றிருந்தது. ஆனால் அவள் யார் பெற்ற மகள்? "சரிப்பா. அப்புறம் பேச்சு மாறக் கூடாது" என்று கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அந்தச் செடி மூன்று வருஷமாக மருந்துக்குக்கூட ஒரு பூ பூக்கவில்லை என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

இந்த வீட்டை விட்டுப் போக எனக்கு மனமில்லை. லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன் நான். உயர உயரமான கட்டடங்களின் வயிற்றுக்குள்ளேயே ஏறி இறங்கிக் காலம் போய்விட்டது. அதனாலேயோ என்னவோ, தரையோடு தரையாக இருக்கிற வீடுதான் எனக்குப் பிடிக்கும். மகள் இருப்பது பதினோராவது மாடியில். அங்கே சன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்துச் சன்னல். இங்கே பின்கதவைத் திறந்தால் என் மனைவி வைத்துவிட்டுப் போன செடி.

செடி என்பது மரியாதைக்குச் சொல்வது. அது காடு. பின்கட்டுச் சுவரை ஒட்டி அவள் நட்டது, சுவரேறி அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறது. கிட்டே போனால் முள் சட்டையைப் பிடித்து இழுக்கும். அவள் இருந்தவரைக்கும் கோடை வந்தால் போதும், இலை தெரியாமல் பூக்கும். அப்படியொரு சிவப்பு. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவள் அந்தச் செடியைக் கவனித்ததே கிடையாது. தோட்டத்தில் இருக்கிற மற்ற எல்லாவற்றுக்கும் தண்ணீர் விடுவாள். இதற்கு மட்டும் விடமாட்டாள். "பாவம், அது என்ன பண்ணுச்சு உனக்கு? சக்களத்தி பிள்ளையா?" என்று நான் சண்டை போடுவேன். "அது பொழச்சுக்கும், நீங்க உங்க வேலையப் பாருங்க" என்பாள். அவள் போன பிறகு, அவள் வஞ்சித்ததற்கும் சேர்த்து நான் விட்டேன். காலையில் ஒரு வாளி, சாயங்காலம் ஒரு வாளி. சாணி எரு, கடலைப் பிண்ணாக்கு, யார் எதைச் சொன்னாலும் வாங்கிப் போட்டேன். பச்சைப் பசேல் என்று தழைத்தது. பூ மட்டும் வரவில்லை. என்மேல் அவளுக்கு ஏதோ கோபம் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

மகளிடம் சவால் விட்ட மறுநாள் நாற்றுப் பண்ணைக்குப் போனேன். அங்கே இருந்த பெண் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"தண்ணி நெறைய விடறீங்களா சார்?"

"தினமும் ரெண்டு வாளி."

"நிறுத்துங்க. வெயில் அடிக்கிறப்பதான் அது காயணும். காய விட்டா தன்னால பூக்கும். தண்ணியும் எருவும் போட்டா இலையாத்தான் வளரும்."

"எவ்வளவு நாள் காய விடணும்?"

"இலை வாடித் தொங்கறவரைக்கும் விடாதீங்க. அதுக்கப்புறம் கொஞ்சமா ஊத்துங்க. உங்களுக்குத் தொட்டி ஏதாவது வேணுமா?"

தொட்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். தெருவில் நின்றுகொண்டே சிரித்தேன். வருஷம் முழுக்க நான் திட்டித் தீர்த்தது எதற்காகவோ, அதுதான் வைத்தியம். அவளுக்கு அது தெரிந்திருந்ததா, இல்லை வெறும் சோம்பலா என்று இனி யாரைக் கேட்பது? வீடு வந்து சேருவதற்குள் சிரிப்பெல்லாம் போய்விட்டது.

அன்றோடு தண்ணீரை நிறுத்தினேன்.

இங்கே என் மச்சினனைப் பற்றிச் சொல்ல வேண்டும். மனைவியின் தம்பி. இது என் மாமனார் கட்டிய வீடு. வீட்டோடு மாப்பிள்ளை என்ற பட்டத்தை நானாகத் தேடிப் போய் வாங்கவில்லை. மாமனார் போனதும் வீட்டை நடுவில் பிரித்து ஒரு பாதி அவளுக்கு, ஒரு பாதி தம்பிக்கு என்று ஆனது. பின்கட்டில் எழுந்த சுவர்தான் எல்லை. அவன் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தவன். பேசினால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ஜாதி. நான் அவனுக்கு ஊமைக்கோட்டான் என்று பேர் வைத்திருந்தேன். அவள் முறைப்பாள், அவன் சிரிப்பான். அவன் மனைவி எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டாள். மகன் வேறு ஊரில் இருக்கிறான். ஆக, சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு ஒண்டிக்கட்டை, அந்தப் பக்கம் ஒரு ஒண்டிக்கட்டை.

என் மனைவி போன அடுத்த வாரம் அவன் வந்து என் வாசலில் நின்றான். அன்றைக்குப் பார்த்து அந்த ஊமைக்கு வாய் வந்தது.

"அக்காவ நீங்க சரியா பாத்துக்கல அத்தான்."

"அவ்வளவு அக்கறை உள்ளவன் நீ வந்து பாத்திருக்கலாமே. நடுவுல ஒரு சுவருதான இருந்துச்சு?"

அவ்வளவுதான் நடந்தது. அவன் திரும்பிப் போய்விட்டான். அதற்குப் பிறகு மூன்று வருஷம் ஒருவருக்கொருவர் பேசவில்லை. தெருவில் எதிரே வந்தால் நான் செருப்பைப் பார்ப்பேன், அவன் வானத்தைப் பார்ப்பான். மகளிடமும் சொல்லிவிட்டேன்: இந்த வீட்டில் இனி உன் மாமன் பேச்சை எடுக்காதே என்று. முதலில் பேசுகிறவன் தோற்றவன் என்று இரண்டு கிழவர்களும் முறுக்கிக்கொண்டு திரிந்தோம். இதில் யார் என்னத்தை ஜெயிக்கப் போகிறோம் என்று நினைத்துப் பார்க்க வேண்டாமா? வீம்புக்கு வயசு ஏது?

அந்தக் கோடை சாதாரணக் கோடை இல்லை. தார் ரோடு செருப்பில் ஒட்டியது. குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் நூல் மாதிரி தண்ணீர் வரும், அதையும் விடியற்காலையில் எழுந்து பிடித்தால்தான் உண்டு. தெருவில் இருந்த செடிகொடி எல்லாம் கருகிக்கொண்டு வந்தது. நான் தினமும் போய் என் செடியைப் பார்ப்பேன். வாடட்டும், தொங்கட்டும் என்று காத்திருந்தேன். அது அசைந்து கொடுக்கவில்லை. இலை ஒவ்வொன்றும் எண்ணெய் தேய்த்துக் குளித்த மாதிரி மினுமினுத்தது. போதாததற்குப் புதுத் துளிர் வேறு. பக்கத்தில் இருந்த செம்பருத்தி செத்தே போனது, இது மட்டும் கல்யாண வீட்டுக்காரன் போல நின்றது. எனக்குப் பயம் வந்துவிட்டது. இப்படியே போனால் பதினோராவது மாடிதான்.

ஒருநாள் பொழுது சாயும் நேரத்தில் பின்கட்டில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. வாளியைத் தரையில் வைத்ததும் அதன் கைப்பிடி ஒரு பக்கமாக விழுமே, அந்தச் சத்தம். லிஃப்டைத் தூக்கும் கம்பி வடத்தில் ஒரு இழை அறுந்திருந்தால்கூடக் காதாலேயே கண்டுபிடித்தவன் நான், எனக்கு இது தெரியாதா? பிறகு தண்ணீர் ஊற்றுகிற சத்தம். நிதானமாக, குவளை குவளையாக. சுவரின் அடியில் கை வைத்துப் பார்த்தேன். மண் ஈரமாக இருந்தது.

எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. ஊமைக்கோட்டான் வேலையைக் காட்டிவிட்டான், என்னை இந்த வீட்டை விட்டுத் துரத்தத்தான் பார்க்கிறான் என்று தோன்றியது. ஒரு கத்து கத்தலாம் என்று எழுந்து சுவருக்குக் கிட்டே போனேன். மூன்று வருஷத்துக்கும் சேர்த்து வாயில் நிறைய இருந்தது.

அப்போது அவன் பேசுவது கேட்டது. செடியிடம்தான் பேசிக்கொண்டிருந்தான்.

"குடி. நல்லா குடி. அவருக்கு என்னமோ, உன்ன மறந்துட்டாரு. உடம்புகிடம்பு சரியில்லையோ என்னமோ, யாரு கண்டா? அக்கா இருந்தா உன்ன இப்படி காய விடுவாளா?"

நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன். அவன் வீட்டுக்கும் அதே நூல் தண்ணீர்தான் வருகிறது. சமைக்கவும் குளிக்கவும் பிடித்து வைத்ததில்தான் அந்த ஒரு வாளியை மிச்சம் பிடித்திருப்பான். அக்கா காய விடமாட்டாளாம்! அவள் காய விட்டதுபோல இந்த உலகத்தில் யாரும் விட்டதில்லை. அந்தச் செடியைக் கொல்லாமல் கொன்றவள் அவள், பூக்க வைத்தவளும் அவள். எங்கள் இரண்டு பேருக்குமே அவளைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான். சத்தம் வராமல் நாற்காலிக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

மறுநாளும் அதே நேரத்துக்கு உட்கார்ந்தேன். வாளி வந்தது. தண்ணீர் விழுந்தது. அவன் பேசினான், பக்கத்து ஓட்டலில் காப்பி விலை ஏறியதைப் பற்றியெல்லாம் அதனிடம் சொன்னான். என்னிடம் முத்து உதிர்க்காதவன் முள்ளுச்செடியிடம் மூட்டை அவிழ்க்கிறான். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பை அடக்கியதில் கண்ணில் நீர் வந்துவிட்டது. மூன்று வருஷமாக இந்த வீட்டில் சாயங்காலத்தில் மனிதக் குரல் என்று ஒன்றை நான் கேட்டதில்லை. தொலைக்காட்சியில் வருகிற குரல் எல்லாம் குரலா?

அதற்குப் பிறகு நாள் தவறாமல் அந்த நேரத்துக்கு நான் பின்கட்டில் இருந்தேன். அவன் தண்ணீர் ஊற்ற ஊற்றச் செடி பூக்காது, அது பூக்காவிட்டால் நான் இந்த வீட்டில் இருக்க முடியாது. 'ஊத்தாத மாப்ளே' என்று ஒரு வார்த்தை சொன்னால் செடி பூத்துவிடும். ஆனால் சொன்னால் வாளியும் வராது, குரலும் வராது. அப்புறம் பூவை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? இப்படியே தினமும் மனசுக்குள் தராசு பிடித்துப் பிடித்து, ஒன்றும் சொல்லாமலே இருந்துவிட்டேன்.

இதற்கிடையில் மகள் ஒரு யோசனை சொன்னாள். "சும்மா ஒரு மாசம் வந்து இருந்து பாருங்கப்பா. திரும்பிப் போறப்ப செடி பூத்திருந்தா இருங்க. இல்லன்னா வீட்டப் பூட்டிட்டு மொத்தமா வந்துடுங்க." தட்ட முடியவில்லை. கிளம்பினேன்.

அங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. தனி அறை, மெத்தை, குளிர்சாதனம். மகளும் மருமகனும் காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவார்கள். நான் லிஃப்டில் ஏறிக் கீழே போவேன், ஏறி மேலே வருவேன். அதன் கதவு சரியாகச் சேரவில்லை என்று காவலாளியிடம் சொன்னேன், "கம்பெனில இருந்து ஆள் வருவாங்க சார்" என்றான். நான் ஒரு காலத்தில் கம்பெனி ஆள் என்று சொல்ல வாயெடுத்து, எதற்கு என்று விட்டுவிட்டேன். பொழுது சாய்ந்தால் மட்டும் கை கால் ஓடாது. இந்நேரம் வாளியை வைத்திருப்பான் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு மாதம் கழித்து ஒரு காலை நேரத்தில் வீடு திரும்பினேன். பையைக் கூடத்தில் போட்டுவிட்டு முதல் வேலையாகப் பின்கதவைத் திறந்தேன்.

இலையே தெரியவில்லை. சுவர் முழுக்கச் சிவப்பு. உச்சியிலிருந்து தரை வரைக்கும், அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும், அவள் இருந்தபோது எப்படிப் பூத்ததோ அப்படியே. வெயில் பட்டு என் வெள்ளைச் சட்டையில்கூடச் சிவப்பு அடித்தது. அப்படியே நின்றேன். "அடியே, பூத்துருச்சு பாருடி" என்று வாய்விட்டுச் சொன்னேன். சொன்ன கையோடு மகளுக்குப் போன் போட்டேன்.

"பூத்துருச்சும்மா! செவுரே தெரியல!"

"சரிப்பா. நீங்க ஜெயிச்சிட்டீங்க. அங்கயே இருங்க. மாத்திரைய மட்டும் மறக்காதீங்க" என்றாள். பாவம், குரல் தழுதழுத்தது. எனக்கோ தலைகால் புரியவில்லை. அன்று பகல் முழுக்க வீட்டைப் பெருக்கித் துடைத்தேன். அலமாரியை இடம் மாற்றினேன். இனிச் சாகிறவரைக்கும் இருக்கப் போகிற வீடு அல்லவா?

பொழுது சாய்ந்ததும் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். வாளி வரவில்லை. வெயிலுக்குப் படுத்திருப்பான் என்று விட்டுவிட்டேன். மறுநாளும் வரவில்லை. இருட்டுகிறவரை அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் மரமண்டையில் ஏறியது. தண்ணீர் நின்றால்தான் இது பூக்கும். பூத்திருக்கிறது என்றால் தண்ணீர் நின்று பல நாள் ஆகிறது. அவன் சாதாரணமாக நிறுத்துகிற ஆள் இல்லை. ஜெயித்துவிட்டேன் என்று நான் குதித்துக்கொண்டிருந்த பூ என்ன செய்தி சொல்கிறது என்று எனக்குத் தெரிய இவ்வளவு நேரமா?

செருப்புக்கூடப் போடாமல் தெருவைச் சுற்றிக்கொண்டு அவன் வாசலுக்கு ஓடினேன். பூட்டு தொங்கியது. படியில் சருகு சேர்ந்திருந்தது. எதிர்வீட்டு டீச்சர் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார்.

"உங்களுக்குத் தெரியாதா? நீங்க ஊருக்குப் போன ரெண்டு மூணு நாள்லயே விழுந்துட்டார். பின்னாடி, செடிக்குத் தண்ணி தூக்கிட்டுப் போறப்ப வழுக்கிட்டுதாம். கால் எலும்பு முறிஞ்சிடுச்சு."

"யாரு பாத்தது?"

"ராத்திரி முழுக்க அங்கயே கிடந்திருக்கார். காலையில பால்காரர்தான் சத்தம் கேட்டுப் போய்ப் பாத்தார்." டீச்சர் சொல்லலாமா வேண்டாமா என்று என் முகத்தைப் பார்த்தார். "அத்தான், அத்தான்னு கூப்பிட்டிருக்கார். தொண்டையே கட்டிப் போயிருந்துச்சு. நீங்க ஊர்ல இல்லங்கறது அவருக்குத் தெரியாது போல. அப்புறம் பையன் வந்து கூட்டிட்டுப் போயிட்டான்."

எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று தெரியவில்லை. ராத்திரி முழுக்க! நான் உள்ளே இருந்துகொண்டே வீம்புக்கு வராமல் இருக்கிறேன் என்றல்லவா நினைத்திருப்பான்? அப்படி நினைத்துக்கொண்டும் விடாமல் கூப்பிட்டிருக்கிறான். என்மேல் எனக்கு அப்படியொரு வெறுப்பு வந்தது. சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

மகளைக் கூப்பிட்டேன்.

"உன் மாமன் விழுந்தது உனக்குத் தெரியுமா?"

"தெரியும்பா."

"ஒரு மாசம் உன் வீட்டுல உக்காந்திருந்தேனே, ஒரு வார்த்தை சொன்னியா?"

"நீங்கதான் அவர் பேச்சையே எடுக்கக் கூடாதுன்னீங்க. ரெண்டு தடவ ஆரம்பிச்சேன். ரெண்டு தடவயும் எந்திரிச்சுப் போயிட்டீங்க." அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் இன்னும் சுட்டது. "நம்பர் அனுப்பறேன். பேசறீங்களா?"

எண் வந்தது. வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு பின்கட்டுக்குப் போய் விளக்கைப் போட்டு, செடிக்கு எதிரில் நின்றுகொண்டு அழுத்தினேன். அவன் மகன் எடுத்தான். நான் யார் என்று சொன்னதும் மூச்சு விடாமல் கொண்டுபோய் அப்பா கையில் கொடுத்துவிட்டான்.

"யாரு?"

"நான்தான்."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். வைத்துவிட்டானோ என்று பயந்துபோனேன்.

"அத்தானா?"

"ஆமா. கால் எப்படி இருக்கு?"

"இப்ப கோல் ஊணி நடக்கறேன். நீங்க நல்லா இருக்கீங்களா? உங்களுக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லையே? அன்னிக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்தேன். பதில் வரல. உங்களுக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு பயந்துட்டேன்."

கால் முறிந்து கிடந்தவன் அந்த ராத்திரி முழுக்க எனக்காகப் பயந்துகொண்டு கிடந்திருக்கிறான்.

"நான் ஊர்ல இல்ல மாப்ளே. பொண்ணு வீட்டுக்குப் போயிருந்தேன்" என்றேன் ஒருவழியாக.

"அப்பாடா" என்றான். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னான். "பையன் அந்த வீட்ட வித்துடலாங்கறான். ஞாயித்துக்கெழம ஆளக் கூட்டிட்டு வந்து காட்டப் போறான். அவன் சொல்றதும் சரிதான். அங்க தனியா எனக்கு என்ன வேல இருக்கு? அந்தச் செடிக்கு ஒரு வாளி தண்ணி ஊத்திட்டு இருந்தேன், அதுவும் போச்சு. அது எப்படி அத்தான் இருக்கு? பட்டுப்போச்சா?"

எதிரே சுவர் முழுக்கச் செக்கச்செவேல் என்று நின்றது. பூத்திருக்கிறது என்று சொன்னால் அவன் சந்தோஷப்படுவான். நாலு நாள் யோசிப்பான். 'நான் விழுந்து தண்ணி நின்னப்புறம்தான் பூத்திருக்கு, அப்ப நான் ஊத்தினது அதுக்குக் கெடுதலா?' என்று கேட்பான். லென்ஸ் தேய்த்தவன், எதையும் நுணுக்கிப் பார்க்காமல் விடமாட்டான். அப்புறம் 'அங்க எனக்கு ஒரு வேலையும் இல்ல' என்று வீட்டை விற்கக் கையெழுத்தும் போட்டுவிடுவான்.

"காஞ்சு கெடக்குடா" என்றேன். "வெறும் குச்சிதான் நிக்குது. நான் விடற தண்ணிய அது சட்டையே பண்ணல. இத்தன நாளா நீ ஊத்தினதுலதான் அது உசிரோட இருந்திருக்கு. நீ வந்து ஊத்தினாத்தான் பொழைக்கும்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"நிஜமாவா அத்தான்?"

"பின்ன பொய்யா சொல்றேன்? வீட்ட விக்கறேன் கிக்கறேன்னு வந்து நின்ன, கால ஒடச்சுடுவேன், மிச்சம் இருக்கிறதையும்."

அவன் சிரித்தான். சிரிப்பும் அழுகையும் கலந்து என்னவோ போல வந்தது. "ஞாயித்துக்கெழம பையனோட நானும் வரேன். வந்து பாக்கறேன் அத்தான், எப்படியாவது பொழைக்க வெச்சுடலாம்" என்றான்.

போனை வைத்தபோது நேரம் நன்றாகப் போயிருந்தது. இன்று வெள்ளிக்கிழமை. தண்ணீர் ஊற்றி இந்தப் பூவெல்லாம் உதிருகிறவரை காத்திருக்க நேரமில்லை. உள்ளே போய்க் கத்தரியையும் பழைய கித்தான் கையுறையையும் எடுத்து வந்தேன். ஏணியைச் சுவரில் சார்த்தி ஏறினேன். அவன் பக்கம் தொங்கிய கிளையிலிருந்து வெட்ட ஆரம்பித்தேன்.